கிளிப் வைக்காத புதன்கிழமைகள்

பழைய கார் ஒன்றை நெடுநாள் வைத்திருப்பவன் தன் இருக்கையின் இடத்தைக் கண்ணால் அறிவதில்லை, முதுகால் அறிகிறான். இருக்கையை அதன் அடிச்சட்டத்தில் ஒரே ஒரு பல் அளவு பின்னுக்குத் தள்ளிவிட்டால் போதும், உட்கார்ந்த கணமே அவனுக்குத் தெரிந்துவிடும். என்ன மாறியிருக்கிறது என்று சொல்லத் தெரியாது. ஏதோ மாறியிருக்கிறது என்பது மட்டும் தெரியும். நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சிறிய இடைவெளியில் நடந்தவைதான்.

காபிக்கு நன்றி. வழக்கறிஞர் வேண்டுமா என்று கேட்டதற்கும் நன்றி; வேண்டாம். முப்பத்தொரு ஆண்டுகள் கார்த் தொழிற்சாலையில் தரச் சோதகனாக இருந்தவன் நான். அளவை மாற்றிச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன்.

ராய்ஸ் டாலிவர் என் நண்பன். இந்தச் சொல்லை நான் யோசித்தே பயன்படுத்துகிறேன். இருபத்தேழு கோடைகள், மே முதல் செப்டம்பர் வரை, ஒவ்வொரு வியாழக்கிழமை மாலையும் ஹெர்ம் என்பவரின் ஐஸ்கிரீம் கடைத் திடலில் எங்கள் கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவனுடையது எழுபதாம் ஆண்டுச் செவெல் கார், சிவப்பு, பானட்டின் மேல் இரண்டு கறுப்புப் பட்டைகள். என்னுடையது அறுபத்தொன்பதாம் ஆண்டு மஸ்டாங், நீலம். கார்த் தொழிற்சாலைகள் நிறைந்த ஃபிளின்ட் பக்கத்தில் பிறந்த எவரும் எந்தக் கம்பெனிக் கார் என்பதைத் தானே தேர்ந்தெடுப்பதில்லை. அப்பா எந்தத் தொழிற்சாலை வாசலில் நின்றாரோ அந்தக் காரைத்தான் மகன் வாங்குவான். பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, காருக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு, எதிர்க் கம்பெனிக் கார் வைத்திருப்பவனை ஏசுவதுதான் அந்த மாலைகளின் வேலை.

"என்ன லோவெல், இன்னைக்குக் குதிரைக்குக் கொள்ளு வச்சியா? அது இருமுற சத்தம் மூணு தெரு தள்ளிக் கேட்டுச்சே" என்பான் ராய்ஸ். என் கார் முகப்பில் ஓடும் குதிரைச் சின்னம் இருப்பதால் இந்தக் கேலி.

அவன் கார்ச் சின்னம் கழுத்தில் கட்டும் குட்டி டை போல இருக்கும். "அது இருமல் இல்லடா, சிரிப்பு. டை கட்டிக்கிட்டு ஒரு மாப்ள இருபது வருஷமா நிக்கிறானே, இன்னுமா பொண்ணு வரலைன்னு கேட்டுச்சு" என்பேன் நான்.

பிறகு அவன் தன் இஞ்சினில் எட்டுச் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையை ஜெபம் போலச் சொல்வான்: ஒன்று, எட்டு, நான்கு, மூன்று, ஆறு, ஐந்து, ஏழு, இரண்டு. நான் என்னுடையதைச் சொல்வேன். யார் வேகமாகச் சொல்கிறார்கள் என்று ஹெர்ம் கடிகாரம் பார்ப்பார். வயதானவர்களுக்கு இது போதுமான பொழுதுபோக்கு.

குறும்புகளும் உண்டு. ஒருவன் மற்றவன் காரில் ஏதாவது ஒன்றை மாற்றி வைப்பான். அதற்கு இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று, பத்து நிமிடத்தில் சரிசெய்ய முடியாத எதையும் செய்யக்கூடாது. இரண்டு, செய்தவன் துணி காயப்போடும் மரக்கிளிப் ஒன்றை ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். பழைய காலத்தில் பெட்ரோல் குழாய் சூடேறாதிருக்க அதில் மரக்கிளிப்புகளை மாட்டுவார்கள். பயன் இருந்ததோ இல்லையோ, எல்லார் பானட்டுக்குள்ளும் நான்கைந்து கிளிப்புகள் இருக்கும். அதிலிருந்து வந்த வழக்கம் இது. கிளிப்பைப் பார்த்தவுடன் பாதிக்கப்பட்டவன் சிரிக்க வேண்டும். இருபத்தேழு ஆண்டுகளில் இந்த விதியை யாரும் மீறியதில்லை. ஒருவர் வீட்டு ஷெட் சாவி மற்றவர் வீட்டில் தொங்கியது.

செப்டம்பர் கடைசி வியாழக்கிழமை ஓட்டெடுப்பு நடக்கும். அன்று அதிக ஓட்டு வாங்கும் காருக்கு, மரப்பலகையில் பொருத்திய ஒரு பழைய இஞ்சின் பிஸ்டன் பரிசு. ராய்ஸ் ஒன்பது முறை வென்றான். மற்றவர்கள் மாறி மாறி வென்றார்கள். நான் வென்றதேயில்லை. இது என்னை வருத்தியதில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் உண்மை. தோற்பவனுக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று இருக்கிறது.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மனைவி ஆர்லீன் இறந்தாள். ஜூலை மாதம். அந்தச் செப்டம்பரில் நான் வென்றேன். எழுபத்தெட்டு ஓட்டுச் சீட்டுகளில் அறுபத்தொன்று எனக்கு. ராய்ஸ்தான் முதலில் எழுந்து கைதட்டினான். அன்று மாலை வீட்டுக்குப் போய் அந்தப் பிஸ்டனை ஆர்லீனின் பக்கத் தலையணை மேல் வைத்தேன். இதை உங்களிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இல்லை.

ஜனவரியில் ஹெர்ம் கடைக்குப் போயிருந்தேன். அவர் நல்ல மனிதர். மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"ராய்ஸ் மாதிரி ஒரு சிநேகிதன் கிடைக்கணும்ப்பா. அன்னைக்கு ஒவ்வொரு நாற்காலியா குனிஞ்சு குனிஞ்சு போனான். 'இந்த வருஷம் லோவெலுக்குப் போடுங்க, பாவம், ஆளு நொடிஞ்சு போயிருக்கான்'னு. அவன் ஓட்டும் உனக்குத்தான்."

நான் வாங்கிய காபியைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன். வீட்டில் பிஸ்டனைத் தலையணையிலிருந்து எடுத்து ஷெட்டில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன். அவன் எனக்குக் கெடுதல் செய்துவிட்டான் என்று நான் அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. அவன் என்னை இரங்கத்தக்கவன் என்று முடிவு செய்து, தன் போட்டியாளர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டான். அவ்வளவுதான். எனக்குத் தெரியாமல், என் நன்மைக்காக.

அடுத்த மே மாதம் ஒரு புதன்கிழமை காலை, அவன் முழங்கால் வலிக்காக நீச்சல் குளத்துக்குப் போயிருந்த நேரம், வழக்கம்போல அவன் ஷெட்டுக்குள் போய் இருக்கையை ஒரு பல் பின்னுக்குத் தள்ளினேன். சட்டைப்பையில் கிளிப் இல்லை. பெரிதுபடுத்திச் சொல்ல ஒன்றுமில்லை; உண்மையிலேயே மறந்துதான் போயிருந்தேன். மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை ராய்ஸ் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான். குரலைத் தாழ்த்தினான்.

"லோவெல், நேத்து என் சீட்டை நகட்டினியா?"

வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டேன். அதில் கோபம் இல்லை. கேலியும் இல்லை. பயம் இருந்தது.

ஏன் என்று எனக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் உறைந்த ஏரியின் மேல் துளையிட்டு இருவரும் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது சொல்லியிருந்தான். அவன் அப்பாவுக்கு எழுபத்தொரு வயதில் நினைவு தப்பத் தொடங்கியது. ஒருநாள் தன் ஷெட்டிலேயே நின்றுகொண்டு, இது யாருடைய கார் என்று மகனிடம் கேட்டார். "எனக்கும் அப்படி வந்தா மறைக்காம என் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுடா. ஜனீனால முடியாது, அவ அழுதுடுவா. நீ சொல்லணும்" என்றான் ராய்ஸ். ஜனீன் அவன் மகள், டொலிடோ நகரில் இருக்கிறாள். நான் வாக்குக் கொடுத்தேன். நான் இருக்கையைத் தள்ளிய அந்த மே மாதம் அவனுக்கு வயது எழுபது.

"கிளிப் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"அப்புறம் எப்படிடா நானா இருக்கும்?"

அவன் தலையாட்டினான். "ஆமா. கிளிப் இல்லியே" என்றான். நாற்காலியைத் தன் இடத்துக்கே இழுத்துக்கொண்டு போனான். அன்று முழுவதும் அவன் யாரையும் ஏசவில்லை.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வேறு எந்த ஊர்க்காரனும், வேறு எந்தத் தொழில்காரனும், தன் நண்பன் விளையாடுகிறான் என்றுதான் சந்தேகப்படுவான். ராய்ஸுக்கு அந்தச் சந்தேகம் வரவேயில்லை. நான் பொய் சொல்வேன் என்பதைவிடத் தன் மூளை அழுகுகிறது என்பது அவனுக்கு எளிதாக நம்பக்கூடியதாக இருந்தது. அந்த நம்பிக்கையை நான் உருவாக்கவில்லை. அது ஏற்கெனவே அங்கே இருந்தது.

அதற்குப் பிறகு கிளிப் எடுத்துப் போவதை நிறுத்திவிட்டேன். குறும்புகளில் வேறு மாற்றம் எதுவும் செய்யவில்லை. முதல் விதியைக் கடைசிவரை காத்தேன். பத்து நிமிடத்தில் சரிசெய்ய முடியாத எதையும் நான் அவன் காரில் செய்ததில்லை. பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியைச் சற்றே சாய்த்தேன். ரேடியோவை வேறு நிலையத்தில் வைத்தேன். அரை அங்குல ஸ்பேனரை எடுத்து ஷெட்டில் இருந்த பழைய குளிர்சாதனப் பெட்டியில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்லாம் பட்டப்பகலில், புதன்கிழமை பத்து மணிக்கும் பதினொன்றரைக்கும் நடுவே. எதிர்வீட்டு அம்மாள் கையசைப்பாள், நானும் அசைப்பேன். நான் திருடன் இல்லை.

ராய்ஸுக்கு ஒரு பழக்கம். ஓட்டிவிட்டு வந்ததும் மைல் மீட்டரில் உள்ள எண்ணை ஷெட் சுவரில் சாக்கட்டியால் எழுதுவான். ஜூன் மாதம் ஒருநாள் நான் செவெலை எடுத்துக்கொண்டு சோளக் காட்டுச் சாலையில் பன்னிரண்டு மைல் ஓட்டிவிட்டு, கொண்டுவந்து அதே இடத்தில் விட்டேன். நல்ல கார். மூன்றாம் கியரில் அது இழுக்கும் இழுப்பை நான் இருபத்தேழு ஆண்டுகள் வெளியிலிருந்து மட்டுமே கேட்டிருந்தேன்.

அந்த வாரம் அவன் என் வீட்டுக்கே வந்துவிட்டான். சமையலறை மேசையில் உட்கார்ந்தான்.

"பன்னெண்டு மைல்டா. நான் எங்க போனேன்? யாரையாவது இடிச்சிட்டு வந்திருந்தா? குழந்தை எதையாவது... வண்டியச் சுத்திச் சுத்திப் பாத்தேன். கீறல் ஒண்ணும் இல்ல. ஆனா எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லியே, லோவெல்."

"சுவத்துல தப்பா எழுதியிருப்ப."

"நானா? நம்பரையா?"

"சரி விடு. காபி குடி."

நான் அவனுக்குப் பாதாம் பிஸ்கட் எடுத்து வைத்தேன். ஏரியில் கொடுத்த வாக்கு எனக்கு நினைவுக்கு வந்தது. மறைக்காமல் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்று கேட்டவன் அவன். ஆகவே சொன்னேன்.

"ராய்ஸ், நீ சொல்லச் சொன்னதால சொல்றேன். போன மாசம் ஒரே கதைய என்கிட்ட ரெண்டு தடவை சொன்ன."

உண்மையில் அவன் அப்படி இரண்டு முறை சொல்லவில்லை. ஆனால் வயதானவர்கள் எல்லாரும் ஒரே கதையை இரண்டு முறை சொல்கிறவர்கள்தான். அந்த அளவில் அது பொய்யும் அல்ல. அவன் மேசையைத் தாண்டி என் கையைப் பிடித்து, "தேங்க்ஸ்டா" என்றான்.

ஆகஸ்டில் அவன், சிலிண்டர்களுக்கு மின்பொறி கொண்டுபோகும் பிளக் ஒயர்களைப் புதிதாக மாற்றினான். அவன் மாற்றிய மறுநாள் போய் ஐந்தாம் ஒயரையும் ஏழாம் ஒயரையும் இடம் மாற்றிப் பொருத்தினேன். அவை பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள், ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்பவை. அந்த வகை இஞ்சினில் கற்றுக்குட்டிகள் எல்லாரும் செய்யும் பிழை அது. நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவன் செய்யாத பிழை. வியாழக்கிழமை திடலுக்குள் செவெல் குலுங்கிக்கொண்டும் வெடித்துக்கொண்டும் வந்து சேர்ந்தது. எழுபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பானட்டைத் திறந்தான். பார்த்தான். இரண்டு ஒயர்களையும் கழற்றி இரண்டு கைகளிலும் வைத்துக்கொண்டு நின்றான். வரிசையைச் சொல்லிப் பார்த்தான்: "ஒண்ணு, எட்டு, நாலு, மூணு, ஆறு..." அங்கேயே நின்றுவிட்டான். அடுத்த எண் அவனுக்குத் தெரியாமல் இல்லை. அதை நம்பத்தான் முடியவில்லை.

"விடு ராய்ஸ், எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றார் ஹெர்ம், மிக மென்மையாக. ஒருவரும் கேலி செய்யவில்லை. எங்கள் திடலில் ஒருவனுக்கு நேரக்கூடிய மிக மோசமான விஷயம் அதுதான்: யாரும் கேலி செய்யாமல் இருப்பது.

செப்டம்பரில் நான் ஒவ்வொரு நாற்காலியாகக் குனிந்து போனேன். "இந்த வருஷம் ராய்ஸுக்குப் போடுங்க, பாவம்" என்றேன். எழுபத்தாறு சீட்டுகளில் எழுபத்துமூன்று. பிஸ்டனை வாங்கும்போது அவன் என்னைத்தான் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் கண்கள் நிறைந்திருந்தன. நான் கைதட்டினேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: எனக்குப் புதன்கிழமைகள் பழகிவிட்டன.

அக்டோபரில் ஜனீன் வந்தாள். சிறுமியாக இருந்த நாளிலிருந்து என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள்.

"அங்கிள், டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். நீங்களும் வரீங்களா? நான் கேட்டா 'எல்லாம் நல்லாத்தான் இருக்கேன்'ம்பார். நீங்க இருந்தா உண்மையச் சொல்லுவார்."

போனேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார் மருத்துவர். ராய்ஸ் தடுமாறாமல் சொன்னான். ஐந்து சொற்களை நினைவில் வைக்கச் சொன்னார், வைத்தான். அது ஆரோக்கியமான மனிதனின் சோதனை முடிவு என்று நீங்கள் இப்போது சொல்கிறீர்கள். எனக்கு அன்றே தெரியும். ஆனால் நெருங்கியவர்கள் நிரப்பித் தரவேண்டிய படிவம் ஒன்று இருந்தது. அதை ஜனீன் என்னிடம் நீட்டினாள். பொருட்களைச் சம்பந்தமில்லாத இடத்தில் வைக்கிறாரா? குளிர்சாதனப் பெட்டியில் ஸ்பேனர் என்று எழுதினேன். வாகனம் ஓட்டிச் சென்றதை மறந்திருக்கிறாரா? பன்னிரண்டு மைல். நன்கு தெரிந்த வேலையில் தவறுகிறாரா? ஐந்தும் ஏழும். அந்தப் படிவத்தில் ஒரு வரிகூட நடக்காதது இல்லை. மருத்துவர், இப்போதைக்கு உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, ஆறு மாதம் பார்க்கலாம் என்றார்.

ராய்ஸ் ஆறு மாதம் காத்திருக்கவில்லை. அப்பாவைப் போலத் தன் மகளிடம், இது யாருடைய கார் என்று கேட்கும் நாள் வருவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்றான். ஓட்டுநர் உரிமத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தான். நவம்பரில் முதியோர் இல்லத்துக்குப் போனான். செவெலை யாருக்கும் விற்க மனமில்லை என்று என் ஷெட்டில் கொண்டுவந்து விடச் சொன்னான். நான் இரண்டு முறை மறுத்தேன்.

"அத வேற எவன்டா புரிஞ்சுப்பான்? ஞாயித்துக்கிழமை ஒரு சுத்து ஓட்டு. ஆனா உன் குதிரைப் பக்கத்துல நிறுத்தாத, அதுக்குச் சளி பிடிக்கும்" என்றான். அதுதான் அவன் செய்த கடைசிக் கேலி என்று நினைக்கிறேன்.

இனி, நீங்கள் மேசையில் வைத்திருக்கும் இந்தப் படங்கள். மான் வேட்டைக்காரர்கள் மரத்தில் கட்டிவைக்கும் கேமரா இது. எதிரே ஏதாவது அசைந்தால் தானே படமெடுக்கும். ஆகஸ்டில் ராய்ஸ் இதைத் தன் ஷெட் உத்தரத்தில் கட்டியிருக்கிறான். என்னைப் பிடிப்பதற்காக அல்ல; தன்னைப் பிடிப்பதற்காக. பொருட்களை எப்போது மாற்றி வைக்கிறோம் என்று தெரிந்துகொள்வதற்காக. ஆனால் அதை எடுத்துப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை. தன்னையே தான் அறியாத ஒரு கிழவன் அந்தப் படங்களில் தட்டுத் தடுமாறி நடப்பான் என்று பயந்திருப்பான். சென்ற மாதம் வீட்டைக் காலி செய்யும்போது ஜனீன் எடுத்துப் பார்த்திருக்கிறாள். நீல நிறத் தொப்பி அணிந்திருப்பது நான்தான். ஒயர்களை மாற்றுவதும் நான்தான். எத்தனை முறை என்று கேட்டீர்கள். கேமரா வந்த பிறகு பதினொன்று. அதற்கு முன் பதின்மூன்று. இருபத்து நான்கு முறை, எல்லாம் தெரிந்தே, ராய்ஸ் டாலிவருக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று ராய்ஸ் டாலிவரே நம்ப வேண்டும் என்பதற்காக, நான் செய்தேன். முதல் முறையைக் கழித்துக்கொள்ளுங்கள், இருபத்து மூன்று. இதில் கையெழுத்துப் போட எனக்குத் தயக்கமில்லை.

ஒன்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்பதற்கு முன்பே, பிப்ரவரியில், அவனிடமே நான் சொல்லிவிட்டேன். இல்லத்துக்கு ஞாயிறுதோறும் போகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் மாத்திரைகளால் முகம் சற்று உப்பியிருந்தது. அன்று காலை சீட்டாட்டத்தில் நான்கு பேரைத் தோற்கடித்ததாகச் செவிலி சொன்னாள். எவன் எந்தச் சீட்டைப் போட்டான் என்பதுவரை அவனுக்கு நினைவிருக்கிறதாம்.

"ராய்ஸ், உனக்கு ஒண்ணும் இல்லடா. எல்லாம் நான் செஞ்சது. சீட்டை நகட்டினது, ஸ்பேனர், பன்னெண்டு மைல், ஒயர், எல்லாமே நான்தான்" என்றேன்.

அவன் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினான். பிறகு, பல மாதங்களுக்குப் பின் முதன்முறையாக, நன்றாகச் சிரித்தான்.

"பாவி. இதுக்குன்னு வழியெல்லாம் யோசிச்சிட்டு வந்தியா? எனக்கு ஆறுதலா இருக்கணும்னு உன் பேரையே கெடுத்துக்கிறியே." என் தோளைத் தட்டினான். "நீ சொன்னா நான் நம்பிடுவேன்னு நெனச்சியா? மறதிதான்டா எனக்கு, மடத்தனம் இல்ல. நல்ல மனசு உனக்கு. ஆர்லீன் குடுத்துவச்சவ."

நான் மறுக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். நம்புவதும் நம்பாததும் கேட்பவன் பொறுப்பு.

இப்போது ஜனீன் இந்தப் படங்களை அவன் முன்னால் பரப்பப் போவதாகச் சொல்கிறீர்கள். அவற்றைப் பார்த்தால் அவன் வீட்டுக்குத் திரும்பலாம், கார் ஓட்டலாம், மாத்திரைகளை நிறுத்தலாம் என்று மருத்துவரும் சொல்கிறாராம். இருக்கலாம். ஆனால் நீங்களும் சற்று யோசிக்க வேண்டும். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். படங்களை மட்டும் அவனிடம் காட்டாதீர்கள். எழுபத்தொரு வயதில் அவனுக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு நண்பன். அந்த ஒருவனையும் அவனிடமிருந்து பறிக்கும் அளவுக்கு யாரும் கொடுமைக்காரர்களாக இருக்கக்கூடாது.